ஐந்தாவது பெயர்

மகள் பத்தாம் வகுப்பு, நன்றாகப் படிப்பாள், டாக்டருக்குப் படிக்க ஆசை. எவ்வளவு அழகாக டைப் அடித்திருக்கிறார்கள், நாசமாப்போவானுவ, ஒரு எழுத்துப் பிசகவில்லை. தேர்தல் வேலை பார்க்கிற சென்னைக் கம்பெனிக்காரப் பெண் ஷர்மிளா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டிய நிமிஷத்திலிருந்து பலவேசத்துக்குக் காது அடைத்துக்கொண்டுவிட்டது, பம்ப் ஹவுஸ் தெரு முக்கில் ஜீப்பில் கட்டின நாலு குழாய் ஸ்பீக்கர் கட்சிப் பாட்டைக் கத்திக்கொண்டிருப்பதுகூட எங்கேயோ பக்கத்து ஊரில் கோயில் கொடை நடக்கிற மாதிரித்தான் கேட்கிறது. நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன வேட்பாளர், மணி அஞ்சே கால், இன்னும் வரவில்லை. பங்குனி வெயில், உச்சி மண்டை கொதிக்கிறது. ஆரத்தித் தட்டோடு நிற்கிற பெண்கள் கற்பூரத்தை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, எப்ப வருவாவ, அண்ணாச்சி, எப்ப வருவாவ என்று பலவேசத்தையே அரிக்கிறார்கள். வருவாம்மா, வருவா, வராம எங்க போவா. இருபத்திரண்டு வருஷமாக இந்த வட்டத்துக்குச் செயலாளர், இதே முக்கில் இப்படிக் கூட்டத்தைக் காயவைத்து எத்தனை பேருக்காகக் காத்திருந்திருப்பார். டாக்டருக்குப் படிக்க ஆசை. அடப் பாவிகளா. அந்தப் பிள்ளை செத்து அஞ்சு மாசம் ஆகிறதே.

அஞ்சு பேர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேனில் நின்றபடி வேட்பாளர் ஆதவன் அஞ்சு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அதுதான் இந்தத் தேர்தலுக்கு அவர் பிடித்திருக்கிற புது வழி. வேனுக்குள்ளே அவர் முழங்காலுக்கு நேராக ஒரு திரை, கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. அதில் பெயரும் குடும்ப விவரமும் ஓடும். ஏ, சங்கரம்மாக்கா, முட்டுவலி இப்ப எப்படி இருக்கு, என்பார். சங்கரம்மாளுக்கு உயிரே போய்விடும். எம்.எல்.ஏ ஆகப்போகிற மனுஷனுக்கு என் முட்டு தெரிஞ்சிருக்கே! அந்த முட்டைத் தெரிந்துவைத்திருந்தது யாரு? ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வாக்காளர் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐநூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் படியையும் ஏறி இறங்கி, தண்ணி வாங்கிக் குடித்து, யாருக்கு எந்தப் பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது, யார் வீட்டில் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் எழுதியது பலவேசம். கம்பெனி டைப் அடித்தது, அவ்வளவுதான். இன்றைக்குப் பகல் ரெண்டு மணிக்கு அஞ்சு பெயரும் அவர் போனுக்கு வந்தது, பெயர் மட்டும். இவர்களை முன்வரிசையில் நிறுத்தவும். ஐந்தாவது பெயர் இசக்கிராஜ். பார்த்ததும் மூதி, சந்தோஷமல்லவா பட்டது! ஆகா, நம்ம இசக்கிராஜைக் கூப்பிடுதாவளே, மகளைப் பறிகொடுத்த வீடுன்னு யாரோ மேலே சொல்லியிருக்காவ, தலைமைன்னா இதுலா தலைமை என்று நினைத்துக்கொண்டு, லோடு ஏற்றிக்கொண்டிருந்தவனை அரிசிக் கிட்டங்கியில் போய்ப் பார்த்து, ஏல, வேட்பாளர் உன்கிட்ட பேசணும்னு சொல்லுதாரு, நல்ல சட்டையாப் போட்டுட்டு வா என்று சொல்லிவிட்டு வந்தார். இசக்கிராஜ் தோளில் கிடந்த சாக்கை இறக்கிவிட்டுக் கேட்டான், செண்பா விஷயம் தெரிஞ்சுதான் கூப்பிடுதாரா, அண்ணாச்சி? தெரிஞ்சுதாம்ல, பின்னே என்ன. சொன்னது இந்த வாய்தான்.

இப்போது அவன் முன்வரிசையில் நிற்கிறான். வெள்ளைச் சட்டை, தேய்த்த மடிப்பு கலையவில்லை. பக்கத்தில் அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள். அந்தச் சாவுக்கு அப்புறம் அவள் தெருவில் இப்படி வந்து நின்றதே கிடையாது, கடைக்குக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்புவாள். யாருடைய ஆரத்தித் தட்டையும் பார்க்காமல் வேன் வரப்போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்க்க முடியவில்லை. அங்கே பார்க்காதே, பலவேசம், ஸ்பீக்கரைப் பார், கொடியைப் பார், அங்கன நிற்கிற போலீஸைப் பார். அந்தப் பெண் ஷர்மிளாதான் என்ன செய்வாள், பாவம், அது நல்லவிதமாகத்தான் கேட்டது. அஞ்சு பேருக்கும் பாயிண்ட் சரியா இருக்கா, சார், ஒரு தடவை பாத்துருங்க என்று ஆட்டோவிலிருந்து இறங்கிவந்து காட்டியது. சங்கரம்மாள், முட்டுவலி, சரி. கோமு, மருமகள் நிறைமாதம், சரி. அந்தோணி, மகன் துபாய், சரி. சுடலைமணி, டீக்கடை, ரேடியோப் பாட்டு, சரி. இசக்கிராஜ், மகள் செண்பகவல்லி, பத்தாம் வகுப்பு. இதை எடுத்துருங்கம்மா என்றார். ஏன், சார், தப்பா? இது போன ஜூன்ல பத்தாம் வகுப்புன்னு நீங்களே மாத்திக் கொடுத்ததுதானே. மாசாமாசம் உங்க போனுக்கு லிஸ்ட் வரும், நீங்களும் சரின்னு அழுத்தியிருக்கீங்களே. என்ன தப்புன்னு சொல்லுங்க, காரணம்ங்கிற கட்டத்துல போட்டா இப்பவே மாத்திரலாம், காரணம் இல்லாம எடுக்க முடியாது. விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு அது காத்திருந்தது. அரை நிமிஷம் இருக்கும். அரை நிமிஷம் போதாதா, ஒரு வார்த்தை சொல்ல? எட்டடி தள்ளி நகராட்சிச் சேர்மன் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். குழலை வாயிலிருந்து எடுக்காமலே இந்தப் பக்கம் பார்த்தார். ஒண்ணுமில்லம்மா, இருக்கட்டும் என்று பலவேசம் சொன்னார். சொன்னாரே! ஆட்டோ ஏறி அது அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

காரணம். கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், காரணம் எழுதணுமாம். எழுதினால் அது மாவட்டத்துக்குப் போகும், மாவட்டத்தில் ஒருத்தன் படிப்பான், எதனால இறந்தது என்பான், மஞ்சக் காமாலை என்றால் எப்படி வந்தது என்பான். எப்படி வந்தது? உனக்குத் தெரியாதா, எப்படி வந்ததென்று? புரட்டாசி கடைசியிலிருந்தே குழாய்த் தண்ணி கலங்கித்தான் வந்தது. குடத்தைத் திறந்தால் சாக்கடை வாடை. அப்போதே பேச்சியம்மாள் ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தாள், மோந்து பாருங்க, அண்ணாச்சி. மோந்து பார்த்தார். சேர்மன்கிட்ட சொல்லுதேன், தாயி, ரெண்டு நாள் காய்ச்சிக் குடிங்க என்றார். சேர்மனிடம் சொன்னார், சொல்லாமல் இல்லை. சேர்மன் நம்ம கட்சி, குழாய் பதித்த காண்ட்ராக்ட் எடுத்தது சேர்மன் மச்சினன். பாப்போம்வே என்றார் சேர்மன். பார்த்தார்கள். நல்லாத்தான் பார்த்தார்கள். ஐப்பசி அடைமழையில் அந்தத் தெருவில் பதினோரு பேருக்குக் கண் மஞ்சளித்தது, பத்துப் பேர் எழுந்து நடமாடினார்கள். செண்பகவல்லி எழுந்திருக்கவில்லை. பத்தாங்கிளாஸ் பிள்ளை, ரெட்டைச் சடையில் நீல ரிப்பன், எங்கே பார்த்தாலும், பெரியப்பா, கொஸ்டின் பேங்க் ஒண்ணு வாங்கித் தாங்க என்று நிற்கும். பெரியாஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அதன் நகம்கூட மஞ்சளாக இருந்தது, அந்த நகத்தைத்தான் மறக்க முடியவில்லை. சரி, அதை நினைக்காதே. பதினாறு கழிந்த மறுநாள் சேர்மன் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டார், காப்பி வந்தது. வே, பலவேசம், காமாலைங்கிற பேச்சு ஒரு தாள்ல வந்துரக் கூடாது, வந்துட்டுன்னா ஊர்ல உள்ளவள்லாம் காலிக் குடத்தத் தூக்கிட்டு வந்து ரோட்ல உக்காந்துருவாளுவ, தேர்தல் வருது, கட்சி மானம் போயிரும். மேல கேட்டா காய்ச்சல்னு எழுதிக் கொடும். உமக்கும் வயசாவுதுல்லா, அடுத்த நகராட்சித் தேர்தல்ல இந்த வார்டு உமக்குத்தான். காப்பி நல்ல காப்பி. குடித்தார்.

எழுதிக் கொடுத்தார். தெரு நிலவரம் என்று மாவட்டம் கேட்ட தாளில், பொதுவான காய்ச்சல், தற்போது நலம். அடியில் கையெழுத்து, பலவேசம், வட்டச் செயலாளர். தற்போது நலமாம்! இதை நினைத்தால் இப்போதுகூட அந்தக் கையை எடுத்து இந்த ரோட்டிலேயே வைத்து அடித்துக்கொள்ளலாம்போல வருகிறது. அப்புறம் மாசாமாசம் பட்டியல் வந்தது. கார்த்திகையில் வந்தது, மார்கழியில் வந்தது. இசக்கிராஜ் பெயர் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு சரியை அழுத்தினார். நீக்கினால் காரணம் கேட்கும், காரணம் எழுதக் கூடாது, ஆகவே அந்தப் பிள்ளை பட்டியலில் உயிரோடு இருந்தது, பத்தாம் வகுப்பிலேயே இருந்தது. நல்லாப் படித்துக்கொண்டும் இருந்தது. யார்மேல் கோபப்படுவது? சேர்மன்மேலா? அவன் அப்படித்தான், ஊருக்கே தெரியும். ஆதவன்மேலா? அந்த ஆளுக்கு இந்த ஊரில் ஒரு சந்து தெரியுமா, ஒரு வீட்டுச் சோறு தெரியுமா, கல்லூரி நடத்துகிறவர், காரைவிட்டுக் கால் மண்ணில் படாது, எவனோ எழுதிக் கொடுத்த முட்டுவலியை வாசித்துவிட்டு மக்கள் தலைவர் என்று பேனர் வைத்துக்கொள்கிறார். கோபம் வருகிறது, வரத்தான் செய்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றி அந்தக் காப்பி டம்ளரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. சீ. எளவு. போதும். இப்போது செய்ய வேண்டியதைச் செய். அவர்களை வீட்டுக்கு அனுப்பு.

பலவேசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். ஏல, இசக்கி, வெயிலா இருக்கு, வண்டி வர இன்னும் நேரமாவும், நீங்க வீட்டுக்குப் போங்க, நான் அவரை வீட்டுக்கே கூட்டிட்டு வாரேன் என்றார். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது பார், எண்ணெய் போட்ட மாதிரி. இசக்கிராஜ் சிரித்தான். நாள் முழுக்க வெயில்ல மூட்டை தூக்குத நமக்கு இது ஒரு வெயிலா, அண்ணாச்சி? அவர் வீட்டுக்கு எங்க வரப்போறாரு, இங்கனயே பேசிக்கிடுதோம். இல்லடே, சொன்னாக் கேளு, இங்க வேண்டாம். ஏன் வேண்டாம்? அவன் முகத்தில் சிரிப்பு நின்றது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, அவருக்கு ஒரு மண்ணும் தெரியாதுல, உன் மக உசுரோட இருக்கான்னு நெனச்சிக்கிட்டு வாராருல என்று சொல்லிவிடு. பேச்சியம்மாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். அஞ்சு மாசமா ஒரு ஆளு என்னன்னு கேக்கல, அண்ணாச்சி. இவராவது பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கேக்கட்டும். நாலு பேரு காதுல விழட்டும்.  அதற்குள் பின்னாலிருந்து வெடிச் சத்தம், வந்துட்டாவ, வந்துட்டாவ என்று கூட்டம் முண்டியது, கற்பூரம் பற்றவைக்கிற அவசரத்தில் ஒருத்தி தட்டைச் சாய்த்துவிட்டாள். யாரோ ஒருவன் அவர் கையில் கம்பியில்லா மைக் ஒன்றைத் திணித்தான், ஒதுங்கச் சொல்லுங்க, அண்ணாச்சி. ஒதுங்குங்க, ஒதுங்குங்க, பெண்கள் முன்னுக்கு வாங்க, பிள்ளைகளைப் பிடிச்சிக்கோங்க, இதோ நம் அண்ணன், நம் வீட்டுப் பிள்ளை. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது, அதை யாரும் நிறுத்த முடியாது போலிருக்கிறது.

வேன் வந்து நின்றது. மேலே ஆதவன், வெள்ளை வேட்டி, நெற்றியில் வேர்வைகூட அழகாகத்தான் இருக்கிறது. பலவேசம் வேன் படியைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தார், கறுப்புச் சட்டைக் காவல்காரன் நெஞ்சில் கைவைத்தான். ஒரு விஷயம் சொல்லணும், தம்பி, அவசரம். அப்புறம், சார், அப்புறம். டேய், நான் வட்டச் செயலாளர்டா! எல்லாரும் அதான் சார் சொல்லுதாங்க. மேலே பேச்சு தொடங்கிவிட்டது. இங்க சங்கரம்மாக்கா எங்க இருக்காங்க? தெரு முழுக்க ஓ என்று ஒரு சத்தம். முட்டுவலி எப்படி இருக்குக்கா? கிழவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். வித்தைக்காரன்தான், சந்தேகமே இல்லை. குரலை எங்கே இறக்க வேண்டும், யாரைப் பார்த்துக் கையைக் கூப்ப வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருக்கிறது. கோமுவிடம் மருமகளைக் கேட்டார், பேரப்பிள்ளைக்கு நான்தான் பேர் வைப்பேன் என்றார். கூட்டம் சிரித்தது. பலவேசத்துக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது, தான் எழுதின வரி இப்படி மைக்கில் கேட்கும்போது ஒரு பெருமை, இந்த நேரத்திலும் பெருமை, செருப்பால் அடிக்க வேண்டாமா உன்னை! அந்தோணி மகன் துபாய். மூன்று. சுடலைமணி கடைப் பாட்டு. நான்கு. ஆதவன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார், பாட்டில் தண்ணீர். குனிந்து திரையைப் பார்த்தார். பலவேசம் கட்டைவிரலால் மைக்கின் பொத்தானைத் தள்ளினார். எப்போது தள்ளினார் என்று அவருக்கே தெரியாது.

இசக்கிராஜ் அண்ணாச்சி! எங்க நம்ம இசக்கிராஜ் அண்ணாச்சி? வெள்ளைச் சட்டையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. அண்ணாச்சி, உங்க வீட்டை நான் மறப்பேனா? உங்க மக செண்பகவல்லி... அந்தப் பெயர் ஸ்பீக்கரில் வந்ததும் பேச்சியம்மாள் ரெண்டு கையையும் கூப்பிவிட்டாள். பத்தாம் வகுப்பு என்ற சொல் ஆதவன் வாய்க்கு வருவதற்குள் பலவேசம் கத்தினார், செத்துப்போச்சு, சார்! அந்தப் பிள்ளை செத்துப்போச்சு, போன ஐப்பசில! நாலு ஸ்பீக்கரிலும் அது போயிற்று, தெருக்கோடிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எதனால், எதனால், சொல்லு, அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது. சேர்மன் நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலவேசம் மைக்கின் பொத்தானைத் திரும்பக் கீழே தள்ளினார்.  மேலே ஆதவன் கண்ணை மூடினார். திறந்தபோது கண் நனைந்திருந்தது. தெரியும், அண்ணாச்சி, என்றார், அவ்வளவு மெதுவாக. தெரிஞ்சுதான் வந்திருக்கேன். ஓட்டுக் கேக்க வரல, உங்க பக்கத்துல நிக்க வந்தேன். சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்குக் காலையிலிருந்து எந்த நிறுத்தத்திலும் இறங்காத மனுஷன் இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்து இசக்கிராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அஞ்சாறு கேமரா ஓடிவந்தது. இசக்கிராஜ் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பதினாறு நாளும் அழாதவன், ஓவென்று அழுதான். பெண்கள் அழுதார்கள், போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றினார். அடேய், அடேய், ஒண்ணும் தெரியாம வந்தவம்டா இவன், பலவேசத்தின் உள்ளே ஒருவன் கத்திக்கொண்டே இருந்தான். தான் சுமந்துகொண்டிருந்த பிணத்தைக்கூட அந்த ஆள் ஒரே நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டானே! சேர்மன் வந்து தோளைத் தட்டினார். பிரமாதம்வே. காரணத்துக்குப் போகாம அங்கன நிறுத்தினீரு பாத்தீரா, அதாம்வே அனுபவம்.

வேன் கிளம்பிவிட்டது. பாட்டும் வெடியும் அடுத்த தெருவுக்குப் போக, கூட்டம் பின்னாலேயே ஓடப் பார்த்துப் பாதி நின்றது. இசக்கிராஜ் சுடலைமணி கடைப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அழவில்லை. பலவேசத்தைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாது, இல்லியா, அண்ணாச்சி? பலவேசம் தலையை ஆட்டினார். தெரியாது, தாயி. அவள் சொன்னாள், அவருக்குத் தெரியாதுன்னா போவட்டும், அவரு யாரோ. உங்களுக்குத் தெரியும்லா? சொம்புல கொண்டாந்து மோந்து பாக்கச் சொன்னனே. செத்துப்போச்சுன்னு இவ்வளவு சத்தமாச் சொன்னிய, எதுனால செத்தான்னு ஏன் சொல்லல? குரலை உயர்த்தவே இல்லை அவள், வீட்டுச் சாமான் ஒன்றைக் காணோம் என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். சங்கரம்மாள், கோமு, கலைந்த பெண்கள் எல்லாரும் அணைந்த தட்டுகளோடு திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். சேர்மன் கார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்று பார்த்தார். பலவேசம் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். தண்ணி, என்றார். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் கட்டின ஜீப்பும் வேனோடு போய்விட்டது. பொத்தானை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்தார். அதைக் கீழ வைங்க, என்றாள் பேச்சியம்மாள், நாங்க எல்லாரும் இங்கனதான நிக்கோம். பலவேசம் மைக்கைத் தரையில் வைத்தார். நிமிர்வதற்கு நேரமாயிற்று. காரை அவர் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் வர வேண்டியதை முதலில் சொன்னார்.

காய்ச்சல்னு எழுதிக் கொடுத்தது நாந்தான்.